கணினியும் மோடமும்: சைகைகளைச் சரிவர அமைக்கும் முறை

நமது கிராமங்களில் இன்று மனிதர்களேயன்றி இயந்திரங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்புச் சத்தை அளக்கும் கருவி, தான் கண்ட அளவைக் கணினிக்குச் சொல்கிறது. ‘வேபிரிட்ஜ்’ எனப்படும் எடைமேடை, வண்டியின் எடையைக் கணினிக்குச் சொல்கிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் பொருத்திய பெட்டி, நீர்மட்டம் குறைந்ததை சிம் அட்டையுள்ள மோடத்திற்குச் சொல்ல, மோடம் அதனைப் பம்பு இயக்குபவரின் கைப்பேசிக்குச் சேர்க்கிறது. சூரிய சக்திப் பம்பு செட்டுகளிலும் இத்தகைய பெட்டிகள் வந்துவிட்டன.

கீழப்பழுவூர்ச் சாலையில் கரும்பும் சுண்ணாம்புக் கல்லும் ஏற்றிய லாரிகளைக் காணாதவர் இலர். அந்தச் சுமைகள் யாவும் எடைச் சீட்டில் அச்சாகும் எண்ணைக் கொண்டே பணமாகின்றன. அச்சீட்டில் ஓர் இலக்கம் மாறினால், ஆண்டு முழுதும் பாடுபட்ட ஒரு குடும்பத்தின் வருமானம் மாறிவிடும். ஆகவே, இயந்திரங்கள் தம்முள் பேசும் முறையை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். கணினிக்கும் மோடத்திற்கும் இடையே செல்லும் சைகைகளை அறிந்தால், ஏனைய கருவிகளின் பேச்சும் எளிதில் விளங்கும்.

மோடம் என்பது யாது?

கணினி அறிந்தவை ‘ஒன்று’, ‘சுழி’ என்னும் இரண்டே குறிகள். ஒவ்வொரு குறியும் ஒரு ‘பிட்’ எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு ‘பைட்’. தொலைபேசிக் கம்பியோ மனிதர் குரலைக் கொண்டு செல்வதற்கென அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே அது நன்கு ஏற்கும். எனவே, கணினியின் குறிகளை ஓசையாக மாற்றிக் கம்பியில் ஏற்றவும், மறுமுனையில் ஓசையை மீண்டும் குறிகளாக மாற்றி இறக்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அதுவே மோடம்.

1962-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பெல் 103’ என்னும் மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. 1998-ல் வகுக்கப்பட்ட ‘வி.90’ முறையில் நொடிக்கு 56,000 பிட்டுகள் வரை பெற முடிந்தது. இன்று கம்பிக்குப் பதில் கைப்பேசிக் கோபுரத்தின் வானலையைப் பயன்படுத்தும் சிம் மோடங்கள் பெருகியுள்ளன. ஆனால் அவற்றுள் பலவும் தம்மோடு இணைந்த கருவியுடன் பேசுவது பழைய முறைப்படியே ஆகும்.

நம் பகுதிகளில் கண்ட அனுபவம்

கிராமங்களைக் கணினியால் இணைக்கும் முயற்சியில் தமிழர் வாழும் பகுதிகள் முன்னோடியாக இருந்தன. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரிப் பகுதியிலுள்ள வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இதற்கு உதவி புரிந்தது. தொலைபேசி வசதி போதாத ஊர்களுக்கு வி.எச்.எப். வானொலிக் கருவிகள் வழியே செய்திகள் சென்றன. கடல் அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வில்லியனூரில் இணையம் வழியே பெறப்பட்டு, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது.

2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் மற்றொரு முயற்சி தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு ஊர்தோறும் இணைய மையங்கள் அமைந்தன. மையத்தில் வைத்த பெட்டியின் ஒரு துளையில் தொலைபேசியையும், மற்றொன்றில் கணினியின் தொடர்வரிசைக் கம்பியையும் செருகுவர். நொடிக்கு 35,000 அல்லது 70,000 பிட்டு வேகத்தில் இணையம் கிடைத்தது. நோயாளிகளின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி மருத்துவர் யோசனை பெற்றோரும் உண்டு. போதிய வருமானமும் நீடித்த ஆதரவும் இன்மையால் அம்மையங்களுள் பல பின்னர் மூடப்பட்டன. எனினும், ஓர் உண்மை அங்கே நிலைநாட்டப்பட்டது. வானலையும் கோபுரமும் எத்துணைச் சிறந்தவை ஆயினும், மேசைமேல் உள்ள ஒரு முழக் கம்பியில் சைகை தவறினால் செய்தி ஊர் வந்து சேராது.

முதற்கண் நான்கு உடன்பாடுகள்

கணினியையும் மோடத்தையும் இணைக்கும் முறைக்கு ‘ஆர்.எஸ். 232’ என்று பெயர். அமெரிக்க மின்னணுத் தொழிலதிபர் சங்கம் இதனை 1960-ல் வகுத்தது. இம்முறையில் பிட்டுகள் ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாக, எறும்புச் சாரைபோலச் செல்லும். ஆதலின் இதனைத் தொடர்வரிசை முறை என்கிறோம். வரிசையாக வரும் குறிகளில் ஓர் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை இருபுறமும் முன்னரே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வுடன்பாடு நான்கு வகைப்படும்.

முதலாவது, வேகம். நொடிக்கு 9,600 பிட்டு என்று ஒருபுறமும் 19,200 என்று மறுபுறமும் அமைந்தால், வந்து சேர்வது பொருளற்ற குறிகளே ஆகும்.

இரண்டாவது, ஓர் எழுத்துக்கு எத்தனை பிட்டு என்பது. ஏழு பிட்டு, எட்டுப் பிட்டு ஆகிய இரண்டு வழக்கங்களும் உண்டு. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஏழு போதும். தமிழுக்குப் போதாது. இன்று பெரிதும் வழங்கும் யூனிக்கோடு யு.டி.எப். 8 முறையில் ‘கீழப்பழுவூர்’ என்னும் ஊர்ப்பெயர் 36 பைட்டுகளாகச் செல்கிறது. அவற்றுள் ஒவ்வொன்றிலும் எட்டாவது பிட்டு ‘ஒன்று’ ஆகும். ஏழு பிட்டு என்று அமைத்துவிட்டால் அந்த எட்டாவது பிட்டு வெட்டுண்டு போகும். எண்கள் சரியாக வருகின்றன, பெயர் மட்டும் சிதைந்து வருகிறது என்று யாரேனும் முறையிட்டால், முதலில் இதனைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ‘பேரிட்டி’ எனப்படும் சரிபார்ப்புப் பிட்டு. கணினிக் குறியில் 4 என்னும் எண் 0110100 என்றும், 5 என்னும் எண் 0110101 என்றும் எழுதப்படும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒரே பிட்டு. வழியில் மின்சாரத் தடுமாற்றத்தால் ஒரு பிட்டு மாறினால் 4 என்பது 5 ஆகிவிடும். இதனைக் கண்டுபிடிக்கவே, ‘ஒன்று’ என்னும் குறிகளின் தொகை எப்போதும் இரட்டைப்படையாக இருக்குமாறு ஒரு பிட்டு கூட்டி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. நான்கில் மூன்று ‘ஒன்று’கள் உள்ளன, ஆகவே மேலும் ஒரு ‘ஒன்று’ சேரும். வழியில் ஒரு பிட்டு மாறினால் தொகை ஒற்றைப்படை ஆகிவிடும். பெறுபவர் பிழையை அறிவார். ஆனால் ஒரே எழுத்தில் இரண்டு பிட்டுகள் மாறினால் இம்முறை அதனைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, எழுத்தின் முடிவைக் குறிக்கும் நிறுத்தப் பிட்டு ஒன்றா, இரண்டா என்பது. எழுத்தின் தலையில் ஒரு தொடக்கப் பிட்டு எப்போதும் உண்டு.

‘எட்டு, பேரிட்டி இல்லை, ஒன்று’ என்பதே இன்று பெருவழக்காகும். இதன்படி ஒரு பைட்டுக்கு, முன்னும் பின்னும் உள்ள பிட்டுகளையும் சேர்த்துப் பத்துப் பிட்டுகள் ஆகின்றன. நொடிக்கு 9,600 பிட்டு வேகத்தில் 960 பைட்டுகள் செல்லும். நமது ஊர்ப்பெயரின் 36 பைட்டுகளும் செல்ல ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே பிடிக்கும்.

ஒன்பது பின்களின் கடமை

கணினியின் தொடர்வரிசைச் செருகியில் ஒன்பது பின்கள் உள்ளன. பழைய செருகிகளில் இருபத்தைந்து இருந்தன. கணினியின் பக்கமிருந்து நோக்கினால், மூன்றாம் பின் வழியே செய்தி செல்லும். இரண்டாம் பின் வழியே செய்தி வரும். ஐந்தாவது இருவருக்கும் பொதுவான தரைக் கம்பி. எஞ்சிய ஆறும் செய்தியைச் சுமப்பன அல்ல. ஒருவர் நிலையை மற்றவருக்கு அறிவிக்கும் சைகைகளே அவை. கம்பியில் 3 முதல் 15 வோல்ட் வரை கூட்டல் மின்னழுத்தம் இருந்தால் ‘ஆம்’ என்பது பொருள். அதே அளவு கழித்தல் மின்னழுத்தம் இருந்தால் ‘இல்லை’ என்பது பொருள்.

நான்காம் பின் டி.டி.ஆர். எனப்படும். ‘கணினியாகிய நான் ஆயத்தமாக இருக்கிறேன்’ என்பது இதன் செய்தி. ஆறாம் பின் டி.எஸ்.ஆர்.; ‘மோடமாகிய நானும் ஆயத்தம்’ என்பது அதன் விடை. ஒன்பதாம் பின் ஆர்.ஐ.; வெளியிலிருந்து அழைப்பு மணி அடிக்கிறது என்று அது கூறும். முதலாம் பின் டி.சி.டி.; தொலைவிலுள்ள மோடத்தின் குரல் கேட்கிறது, தொடர்பு கிடைத்துவிட்டது என்று அது அறிவிக்கும். ஏழாம் பின் ஆர்.டி.எஸ்., எட்டாம் பின் சி.டி.எஸ். ஆகிய இரண்டும் மிக இன்றியமையாதவை. அவற்றைத் தனியே விளக்குவோம்.

‘போதும், பொறு’ என்னும் சைகை

வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயிகளுக்கு இது புதிதன்று. தலைமடையில் ஒருவர் மடையைத் திறந்து நிற்கிறார். கடைமடையில் மற்றொருவர் வரப்பைக் காத்து நிற்கிறார். வயல் நிறைந்ததும் கடைமடைக்காரர் துண்டை வீசி ‘போதும்’ என்று காட்டுகிறார். தலைமடைக்காரர் அதனைப் பாராமல் திறந்தே விட்டால், வரப்பு உடைந்து நீர் வீணாகும்.

கணினிக்கும் மோடத்திற்கும் உள்ள நிலையும் இதுவே. கணினி நொடிக்கு 1,15,200 பிட்டுகளை மோடத்திற்குத் தள்ளுகிறது என்று கொள்வோம். வெளியே செல்லும் பாதை அதில் பாதி வேகங்கூட ஏற்காது. எஞ்சியதை மோடம் தன்னிடமுள்ள சிறு நினைவகத்தில் தேக்கி வைக்கும். அது நிறையுந் தறுவாயில் சி.டி.எஸ். சைகையை இறக்கும். உடனே கணினி அனுப்புவதை நிறுத்த வேண்டும். இடம் ஏற்பட்டதும் மோடம் சைகையை மீண்டும் ஏற்றும். அவ்வாறே, கணினிக்கு வேலை மிகுந்தபோது அது ஆர்.டி.எஸ். சைகையை இறக்கி மோடத்தைப் பொறுக்கச் சொல்லும். இதற்கு ஓட்டக் கட்டுப்பாடு என்று பெயர். இதனை இருபுறமும் இயக்கி வைக்காவிடில், நிறைந்த நினைவகத்திற்கு மேல் வரும் பைட்டுகள் மறைந்து போகும். போனதற்கு எவ்வித எச்சரிக்கை மணியும் அடிக்காது. சிறு செய்திகள் ஒழுங்காகச் செல்ல, பெரிய கோப்புகள் மட்டும் குறைபட்டு வந்தால், இக்குறை இருப்பதாக ஐயுறலாம்.

தனிக்கம்பி இன்றிச் செய்தி வழியிலேயே ‘பொறு’ என்று சொல்லும் முறையும் உண்டு. 19 என்னும் எண்ணுள்ள பைட்டு வந்தால் நிறுத்து, 17 வந்தால் தொடங்கு என்பது அதன் விதி. ஆங்கில எழுத்துக்களுக்கு அது பொருந்தும். படம், ஒலி முதலியவற்றில் 17, 19 என்னும் பைட்டுகள் தாமாகவே வரக்கூடும். அவற்றைக் கட்டளை என்று எண்ணிக் கருவி நின்றுவிடும். தமிழிலும் ஓர் இடர் உண்டு. நாம் மேலே கூறியவாறு எட்டாவது பிட்டு வெட்டுண்டால், ‘ஓ’ என்னும் எழுத்தின் கடைசி பைட்டு 19 ஆகிவிடும். ‘ஓடை’ என்று எழுதிய இடத்தில் செய்தியோட்டமே நின்றுவிடும்! ஆகவே மோடத்திற்கு எட்டுப் பிட்டும், ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கம்பிகளின் வழியான கட்டுப்பாடுமே தக்கவை.

மோடத்திற்குரிய கட்டளைகள்

1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட மோடம், ‘ஏ’, ‘டி’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும் கட்டளைகளைக் கற்பித்தது. இன்றைய சிம் மோடங்களும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. கணினியிலிருந்து ‘ஏ.டி.’ என்று அனுப்பினால் ‘ஓ.கே.’ என்று விடை வரவேண்டும். விடை வந்தால் கம்பியும் வேகமும் சரி எனக் கொள்ளலாம்.

தொலைபேசி மோடங்கள் பலவற்றில் ‘&’ குறியுடன் கே 3 என்னும் கட்டளை ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கட்டுப்பாட்டை இயக்கும். சி 1 என்பது, தொடர்பு உள்ளபோது மட்டும் டி.சி.டி. சைகை எழுமாறு செய்யும். டி 2 என்பது, கணினி டி.டி.ஆர். சைகையை இறக்கியதும் தொடர்பைத் துண்டிக்கச் செய்யும். கட்டளைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடுவதால், கருவியுடன் வரும் கையேட்டைப் பார்த்தல் நலம்.

இவையனைத்தையும் அமைத்தபின், அமைப்பை மோடத்தின் நிலையான நினைவகத்தில் பதித்துவிட வேண்டும். பல மோடங்களில் அதற்குரியது ‘&’ குறியுடன் டபிள்யூ என்னும் கட்டளை. பதிக்காவிடில், முதல் மின்வெட்டிலேயே அமைப்பு முழுவதும் அழிந்து, கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மின்சாரம் வந்து போகும் நம் ஊர்களில் இது மிகவும் கவனிக்கத்தக்கது.

கம்பியைப் பற்றிச் சில சொற்கள்

கணினியையும் மோடத்தையும் இணைப்பதற்கு நேர்க்கம்பி வேண்டும். இரு கணினிகளை இணைப்பதாயின், செல்வதும் வருவதும் இடம் மாறிய குறுக்குக் கம்பி வேண்டும். எடைமேடைக் கருவிகளில் இவ்விரண்டில் எது வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். மூன்று கம்பிகள் மட்டுமே உள்ள மலிவான கம்பியில் சைகைகள் செல்லா.

ஆர்.எஸ். 232 கம்பி 15 மீட்டருக்கு மேற்படாமல் இருப்பது நன்று. தொட்டிக்கும் அலுவலகத்திற்கும் நெடுந்தொலைவு இருப்பின், 1,200 மீட்டர் வரை செல்லவல்ல ‘ஆர்.எஸ். 485’ முறையைக் கையாள வேண்டும். புதிய கணினிகளில் ஒன்பது பின் செருகி இராது, யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை இடையே செருகுவர். அதனை வேறு துளைக்கு மாற்றினால் கணினியில் அதன் எண்ணும் மாறக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னல் மிகும்போது வெளிக்கம்பிகளைக் கழற்றி வைத்தல் பாதுகாப்பாகும்.

நாம் கண்ட ஒரு குறை

ஓர் ஊரில் நீர்த்தொட்டியின் குறுஞ்செய்தி திடீரென நின்றது. தொட்டி வறண்டது தெரியாமல் இரண்டு நாட்கள் மக்கள் குடத்துடன் காத்திருந்தனர். சிம் அட்டையில் பணம் இல்லை என்றனர், பணம் இருந்தது. கோபுரம் பழுது என்றனர். அதே சிம் அட்டை கைப்பேசியில் நன்கு வேலை செய்தது. இறுதியில் பார்க்கும்போது, பழுதுபார்க்க வந்தவர் பெட்டியை மாற்றி, அதன் வேகத்தை 9,600 என விட்டிருந்தார். மோடமோ 1,15,200-ல் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கியதும் செய்தி வந்தது. செலவு ஏதும் ஆகவில்லை. முந்தைய அமைப்பு ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், அவ்விரண்டு நாட்களும் வீணாகியிரா.

ஊராட்சியும் விவசாயிகளும் செய்யவேண்டியவை

இத்தகைய கருவிகளை ஏற்கும்போது ஊராட்சியினர் நான்கு காரியங்களைத் தவறாது செய்ய வேண்டும்.

ஒன்று: வேகம், பிட்டு, பேரிட்டி, நிறுத்தப் பிட்டு, ஓட்டக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்கதவில் ஒட்டச் செய்ய வேண்டும். பதிவேட்டிலும் ஒரு படி இருக்க வேண்டும்.

இரண்டு: மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கருவி தானாகவே பேசத் தொடங்கினால்தான் வேலை முடிந்ததாகக் கருதலாம்.

மூன்று: சோதனைச் செய்தியைத் தமிழிலும், எண்ணிலும், நீண்ட கோப்பாகவும் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒரு சொல் வந்தது கொண்டு யாவும் சரி என எண்ணலாகாது.

நான்கு: பழுது நேர்ந்தால் கம்பி, வேகம், சைகை, சிம் அட்டை என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கையருகே உள்ளதைப் பார்த்த பின்னரே தொலைவில் உள்ளதைப் பார்த்தல் முறை.

விவசாயிகளுக்கு நாம் கூறுவது ஒன்றே. எடைமேடையிலோ பால் சங்கத்திலோ, கருவியின் முகப்பில் ஒளிரும் எண்ணும், சீட்டில் அச்சாகும் எண்ணும் ஒன்றுதானா என்று அவ்விடத்திலேயே பாருங்கள். முகப்பில் உள்ளது கருவி கண்ட அளவு. சீட்டில் உள்ளது கம்பி வழியே வந்து சேர்ந்த அளவு. இரண்டும் ஒத்திருந்தால் கம்பி தன் கடமையைச் செய்தது என்பது பொருள். ஒத்திராவிடில், சீட்டைப் பெற்றுக்கொண்டு செல்லுமுன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதில் எவரையும் குறை கூறுவது ஏதுமில்லை.

இயந்திரம் பொய் சொல்வதில்லை என்பர். ஆனால், தான் கேளாததைக் கேட்கவில்லை என்று சொல்லும்படி அமைத்தாலன்றி அது சொல்லாது. அவ்வாறு அமைக்கச் செய்வது ஊராட்சியின் பொறுப்பு. ஒரு தாளும், ஒரு மணி நேரச் சோதனையும் அதற்குப் போதுமானவை. அவற்றை நாம் சோம்பாது செய்வோமாயின், தொட்டி நீரும், பாலின் விலையும், கரும்பின் எடையும் உரியவருக்கு உரியவாறு வந்து சேரும்.